வெயிலில் விட்ட லீவு

கேள்வி: பாளையங்கோட்டையில் சுள்ளென்று வெயிலடிக்கிறது. ஆனால் மழை என்று கலெக்டர் பள்ளிக்கு லீவு விடுகிறார். என்ன கணக்கு இது?
— ஒரு வாசகி, சேரன்மகாதேவி

பதில்: நீங்கள் வாசலில் நின்று வானத்தைப் பார்க்கிறீர்கள், அவர் மாஞ்சோலை மலையைப் பார்க்கிறார். மலையில் கொட்டுகிற மழை மணிமுத்தாறு, பாபநாசம் அணைகளை நிரப்பி, மதகு திறந்தால் தாமிரபரணியில் நம் ஊருக்கு வந்துவிடும். வானிலை மைய எச்சரிக்கை, அணை நீர்மட்டம், தாசில்தார்கள் சொல்லும் நிலவரம் எல்லாம் பார்த்துத்தான் முடிவு. அதுவும் பிள்ளைகள் யூனிஃபார்ம் மாட்டி ஆட்டோ ஏறுவதற்குள் அறிவிப்பு வர வேண்டும். எட்டரை மணிக்கு வருகிற லீவால் யாருக்கும் பிரயோஜனமில்லை.

பெருமழை கொட்டிய 2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமையாகப் போனது பெரும் புண்ணியம். மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. மழை! திங்களன்று நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, குமரி நான்கு மாவட்டங்களுக்கும் விடுமுறை. குறுக்குத்துறை முருகன் கோயிலை மூழ்கடித்த ஆறு, கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்குள்ளேயே புகுந்தது. அதைப் பார்த்த ஊரில், வெயிலடிக்கிற நாளில் ஒரு லீவு கூடுதலாகவே போகட்டுமே! பாடத்தைச் சனிக்கிழமை வைத்து முடித்துக்கொள்ளலாம்.