பொன்முடிக்கு எந்த வழி?

கே: தென்காசியிலிருந்து காரில் பொன்முடி போகிறோம். நாகர்கோவில் சுற்றித்தான் போக வேண்டுமா? (தென்காசி வாசகி)

ப: வேண்டியதில்லை. செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, பாலோடு, விதுரா என்று மலையை ஒட்டியே போய்விடலாம். தென்மலைக்குச் சற்று முன்னால் சாலையோரம் பதிமூன்று கண் பாலம் வரும். 1904-ல் திறந்த கொல்லம்–செங்கோட்டை ரயில் பாதைப் பாலம். இன்றும் ரயில் ஓடுகிறது. வண்டியை ஓரங்கட்டி, கண்களைப் பிள்ளைகளையே எண்ணவிடுங்கள்.

கே: கைபேசி வரைபடம் பொன்முடியை இடுக்கியில் காட்டுகிறதே? (மதுரை வாசகர்)

ப: அது பன்னியாற்றில் அணை கட்டிய பொன்முடி. ‘விதுரா’ என்று போட்டால் நம் பொன்முடிக்கு வழி கிடைக்கும்.

கே: 22 கொண்டை ஊசி வளைவாமே! என் மகளுக்கு மூன்றாவதிலேயே குமட்டும். (கோவில்பட்டி வாசகி)

ப: காலையில் இரண்டு இட்லி போதும். கைபேசியை வாங்கி வைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவிடுங்கள். வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை நிற்கும். அவளே உரக்கப் படிக்கட்டும். பார்வை சாலையில் இருந்தால் குமட்டல் குறையும். ஓட்டுபவருக்கும் ஒன்று: ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிக் கடைசியில் பிடிக்காது. ஒடுங்கின இடத்தில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி.

கே: அடிவாரத்துக் கல்லாற்றில் குளிக்கலாமா? (சிவகாசி வாசகர்)

ப: பிள்ளைகளோடு வேண்டவே வேண்டாம். உருண்டைக் கல்லும் தெளிந்த தண்ணீரும் ஆசை காட்டும். இங்கே வெயிலடிக்கும்போதே மேலே மழை கொட்டும். ஆறு திடீரென்று பெருகும். உயிர்கள் போயிருக்கின்றன. கரையில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரியுங்கள்.

கே: திரும்பும்போது பத்மநாபபுரம் அரண்மனை? (நாகர்கோவில் வாசகர்)

ப: திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், விடுமுறை. நிற்பது நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், பராமரிப்பது கேரள அரசு.

கே: போன தடவை உச்சியில் ஒரே பனிமூட்டம். பத்து நிமிடத்தில் இறங்கிவிட்டோம். மறுபடி போகலாமா? (பாளையங்கோட்டை வாசகி)

ப: போங்கள், இந்தத் தடவை ஒரு மணி நேரமாவது இருங்கள். சுமார் 1,100 மீட்டர் உயரம். மூட்டம் வரும், விலகும். முதலில் காலடிப் புல் தெரியும், நுனியில் நீர்த்துளியோடு. பிறகு சரிவு. பிறகு மலைக்குப் பின்னால் மலை. தென்கிழக்கே 1,868 மீட்டர் அகத்தியர் மலை இருக்கிறது. அந்தப் பொதிகையின் மறுசரிவில் பிறந்துதான் தாமிரபரணி உங்கள் ஊருக்கு வருகிறது. பிள்ளைகளிடம் அந்தத் திசையைக் காட்டுங்கள்.