ஒத்துப்போகாத கையெழுத்து

சேலம் கோரிமேடு ஐ.டி.ஐ-யில் வெல்டர் படித்த என் அக்கா மகனுக்கு ஷார்ஜாவில் வேலை கிடைத்தது. விசா கைக்கு வந்த அன்று சாயங்காலம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். "மாமா, அங்க போனா எந்த பேங்க்குல கணக்கு வெக்கறது?" என்று கேட்டான்.

ஜவுளிக்கடையில் வேட்டி எடுக்கப் போகிறவன் கேட்பது மாதிரி இருந்தது. நாலைப் பிரித்துப் போடச் சொல்லி, கரையைப் பார்த்து, ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளலாம் என்று பையனுக்கு நினைப்பு. "போய்ப் பாரு கண்ணு, நல்லதா ஒண்ணு அமையும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது பொய். மூன்று வருஷம் கழித்து இப்போது சரியான பதிலைச் சொல்கிறேன்.

அங்கே வங்கியை நீ தேர்ந்தெடுக்க மாட்டாய். உன் கம்பெனி தேர்ந்தெடுக்கும். கூலியைக் கையில் கொடுத்தால் ஏமாற்றுகிறார்கள் என்று ஐக்கிய அரபு அமீரகம் 2009-ல் சம்பளப் பாதுகாப்பு முறையைக் கொண்டுவந்தது. வங்கி வழியாகவோ பணமாற்று நிறுவனம் வழியாகவோதான் சம்பளம் போக வேண்டும். நல்ல சட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் உனக்கு வருவது கணக்கு அல்ல, ஒரு அட்டை. மாதச் சம்பளம் 3,000, 5,000 திர்ஹாம் என்று வாசலிலேயே கோடு போட்டிருக்கும் வங்கிகளுக்குள் 1,400 திர்ஹாம்காரன் ஏசிக் காற்று வாங்கத்தான் நுழையலாம். அந்த அட்டையையும் மேஸ்திரியே வாங்கி வைத்துக்கொள்கிற கேம்ப்புகள் உண்டு.

சரி, அந்நிய தேசம், அப்படித்தான் இருக்கும். சொந்த தேசத்து வங்கிக்கு வருவோம்.

1999-ல் நிறைவேறி 2000 ஜூன் முதல் நடப்பில் இருக்கும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி, வேலைக்காக வெளிநாடு போனதும் நீ இந்தியாவில் வசிக்காதவன். பள்ளிக்கூட உதவித்தொகைக்காகத் திறந்த உன் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது. வங்கியிடம் சொல்லி என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அந்த மூன்றாவது எழுத்துக்குப் பொருள் 'சாதாரணம்'. பெயர்தான் சாதாரணம். உள்ளூரில் இருக்கிறவனுக்கு வைப்புத்தொகை வட்டி வருஷத்துக்கு 50,000 ரூபாய் தாண்டினால்தான் வரிப் பிடித்தம், அதுவும் 10 சதவீதம். உனக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம், மேலே செஸ். வட்டி 900 ரூபாய் என்றால் 281 ரூபாய் போய்விடும். 'கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்' என்பார்கள். 281 ரூபாயைத் திரும்பப் பெற ஆடிட்டருக்கு ஆயிரம் ரூபாய் கொடுக்க வேண்டும்.

அந்தச் செலாவணிச் சட்டத்தில் ஒரு பெருந்தன்மையும் உண்டு. இந்தச் 'சாதாரண'க் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு எடுத்துப் போகலாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் அக்கா மகன் சோறு தின்னாமல், வீட்டுக்குப் பத்துப் பைசா அனுப்பாமல், அந்த 1,400 திர்ஹாமுக்கு 219 வருஷம் வெல்டிங் அடித்தால் அந்த வரம்பைத் தொட்டுவிடலாம். யாரை மனதில் வைத்து எழுதினார்களோ, நிச்சயம் கொண்டப்பநாயக்கன்பட்டியை வைத்து எழுதவில்லை.

வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட என்.ஆர்.இ. என்று இன்னொரு கணக்கு. அதன் வட்டிக்கு இங்கே வரியில்லை. அதைத் திறக்கத்தான் நானும் அவனும், அவன் கிளம்புவதற்கு முந்தின வாரம், ஒரு கிளைக்குப் போனோம். எந்த வங்கி என்று கேட்காதீர்கள். எதுவாக இருந்தாலும் இதே டோக்கன், இதே சங்கிலி கட்டிய பேனா.

"வெளிநாட்டு அட்ரஸ் புரூஃப் வேணும்" என்றார் அதிகாரி.

"இன்னும் போகவே இல்லைங்களே சார்."

"போயிட்டு வாங்க."

போனான். கேம்ப்பில் ஒரு அறைக்கு எட்டுப் பேர். வாடகை ஒப்பந்தமோ மின்கட்டண ரசீதோ எட்டுப் பேர் பெயரிலும் இல்லை. அங்கே முகவரிக்குச் சான்று கேட்டால் வங்கி ஸ்டேட்மென்ட் கொண்டுவா என்கிறார்கள். வங்கியில் ஸ்டேட்மென்ட் கேட்டால் முகவரிக்குச் சான்று கொண்டுவா என்கிறார்கள். செக்கு மாடுகூட ஒரு சுற்றுக்கு நாலு சொட்டு எண்ணெய் பார்க்கும்.

இத்தனைக்கும் கடல் தாண்டிய தமிழனுக்கு வங்கி புதிது அல்ல. 1937 பிப்ரவரி 10-ல் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் கதவைத் திறந்தது. அடுத்து பினாங்கில் கிளை. மூட்டை தூக்கிய கூலிக்காகத் திறக்கவில்லை, லேவாதேவிக்காகவும் வியாபாரத்துக்காகவும்தான். இருந்தாலும் ஆள் போகிற ஊருக்கு வங்கியும் போயிற்று. 1963-ல் பர்மா அரசு எல்லா வங்கிகளையும் நாட்டுடைமை ஆக்கியது. அங்கிருந்தும் இலங்கையிலிருந்தும் கையை வீசிக்கொண்டு திரும்பி வந்தவர்களுக்கென்று 1969-ல் ரெப்கோ என்று ஒரு கூட்டுறவு வங்கியையே இந்திய அரசு ஏற்படுத்த வேண்டி வந்தது. திரும்பி வந்தவனுக்கு ஒரு வங்கி கொடுத்த அரசுதான், இன்று பணம் அனுப்புகிறவனிடம் மின்கட்டண ரசீது கேட்கிறது.

அந்தப் பணம் சில்லறைக் காசு அல்ல. 2024-ல் வெளிநாட்டு இந்தியர்கள் வீட்டுக்கு அனுப்பியது 129 பில்லியன் டாலர் என்று உலக வங்கி கணக்குச் சொல்கிறது. உலகத்திலேயே முதலிடம். 2023-24-க்கான ரிசர்வ் வங்கியின் கணக்கெடுப்பில் அதில் தமிழ்நாட்டுக்கு வந்த பங்கு 10.4 சதவீதம். கவுண்டரில் யாரும் இதைச் சொல்லவில்லை. ஜெராக்ஸ் தெளிவாக இல்லை என்றுதான் சொன்னார்கள்.

வெளிநாடு போகிறவன் எந்த வங்கியைத் தேர்ந்தெடுப்பது என்பதைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒருவர் இருக்கிறார். விஜய் மல்லையா. ஒன்றை எடுத்து மற்றதை மனம் கோணச் செய்வானேன் என்று கடன் வாங்கப் பதினேழு வங்கிகளைத் தேர்ந்தெடுத்தார். ரங்கூனில் கதவு திறந்த அந்த வங்கியும் பதினேழில் ஒன்று. 2015-ல், ஆளைக் கண்டால் பிடித்து நிறுத்துங்கள் என்று விமான நிலையங்களுக்கு சி.பி.ஐ. அனுப்பிய நோட்டீஸ், கண்டால் தகவல் சொல்லுங்கள் என்று மாறியது. 2016 மார்ச் 2-ல் டெல்லியிலிருந்து லண்டனுக்கு விமானம் ஏறினார். அப்போது அவர் மாநிலங்களவை உறுப்பினர். வட்டியோடு பாக்கி 9,000 கோடிக்கு மேல். வெளிநாட்டில் என்னென்ன சொத்து இருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் கேட்டபோது, தான் 1988 முதல் வெளிநாடுவாழ் இந்தியர், அதைச் சொல்லக் கடமைப்பட்டவன் அல்ல என்றார்.

வெளிநாடுவாழ் இந்தியர்! என் அக்கா மகனும் அதுதான். இருவருக்கும் ஒரே பெயர், ஒரே சட்டம். ஒருவர் சொத்துக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை என்கிறார், இன்னொருவன் கட்டில் கிடக்கும் இடத்துக்கு ரசீது காட்ட வேண்டும்.

பின்னாளில் மல்லையாவின் சொத்துகளை விற்று வங்கிகள் வசூலித்துக்கொண்டன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே காலத்தில் நடந்த இன்னொரு வசூலையும் பாருங்கள். 2019-20 முதல் 2023-24 வரை ஐந்தே ஆண்டில், கணக்கில் குறைந்தபட்ச இருப்பு வைக்கவில்லை என்று பொதுத்துறை வங்கிகள் மக்களிடம் பிடித்த அபராதம் 8,495 கோடி ரூபாய். நாடாளுமன்றத்தில் அரசே சொன்ன எண் இது. 2020-லேயே ஸ்டேட் வங்கி இந்த அபராதத்தைக் கைவிட்டுவிட்டது, அப்படியும் இவ்வளவு. பணம் இல்லாதவனிடம், பணம் இல்லை என்ற குற்றத்துக்காகப் பிடித்த பணம், மல்லையா பாக்கி வைத்துவிட்டுப் போன தொகைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இவர்களிடமிருந்து பிடிக்க விமான நிலைய நோட்டீஸும் தேவைப்படவில்லை, நீதிமன்றமும் தேவைப்படவில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கம்ப்யூட்டரே எடுத்துக்கொண்டது.

எங்கள் கதையை முடித்துவிடுகிறேன். எப்படியோ ஒரு வருஷத்தில் கம்பெனிக் கடிதம் வாங்கி, தூதரகத்தில் முத்திரை குத்தி, கணக்கு திறந்தாயிற்று. போன சித்திரையில் அக்காவுக்கு இடுப்பில் ஆபரேஷன். அவன் அவசரமாகப் பணம் எடுக்க வேண்டும். ரகசிய எண் பழைய இந்திய செல்போன் நம்பருக்குப் போகிறது, ரீசார்ஜ் செய்யாததால் அந்த சிம் செத்துப்போய்விட்டது. நம்பரை மாற்றப் படிவம் பூர்த்தி செய்து, கையெழுத்திட்டு, கூரியரில் அனுப்பினான். பதினைந்து நாள் கழித்துப் பதில் வந்தது: கையெழுத்து ஒத்துப்போகவில்லை. வாடிக்கையாளர் தாய்க் கிளைக்கு நேரில் வரவும்.

தாய்க் கிளையாம். ஷார்ஜாவில் கிடக்கிற மகனை ஆபரேஷனுக்கு வா என்று பெற்ற தாயே கூப்பிடவில்லை.

நான் போய்க் கேட்டேன். அதிகாரி திரையைத் திருப்பிக் காட்டினார். கணக்கு திறந்த அன்று போட்ட கையெழுத்தில் 'கு'வின் சுழி மேலே ஏறியிருக்கிறது, இப்போது கீழே இறங்கியிருக்கிறது. மூன்று வருஷம் வெல்டிங் டார்ச் பிடித்த கை, சார், விரலில் தீக்காயம் வேறு, என்றேன். விதி விதிதான் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

கோபம் எதன் மேல் என்றால், மும்பை பிராடி ஹவுஸில் ஒரு கிளை இருந்தது. பஞ்சாப் நேஷனல் வங்கிக் கிளை. நீரவ் மோடியின் கம்பெனிகளுக்காகவும் அவருடைய மாமாவின் கம்பெனிகளுக்காகவும் அங்கிருந்து வெளிநாட்டுக் கிளைகளுக்கு வருஷக்கணக்கில் உறுதிக் கடிதங்கள் போய்க்கொண்டிருந்தன. ஸ்விஃப்ட் இயந்திரத்தில் செய்தி போனது, வங்கியின் சொந்தக் கணக்கேட்டில் அது ஏறவே இல்லை. இரண்டையும் ஒத்துப் பார்க்க ஆள் இல்லை. எல்லாம் சேர்த்து 13,000 கோடிக்கு மேல். 2018 ஜனவரி 1-ல் நீரவ் மோடி நாட்டை விட்டுப் போனார், வங்கியின் புகார் ஜனவரி 29-ல் போனது. அங்கே எந்தச் சுழி மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

ஆபரேஷனுக்குக் கந்துவட்டிக்காரரிடம் வாங்கினோம். ஷார்ஜாவில் கூட வேலை செய்யும் ஒருவன் வேறு வழி சொன்னானாம். உண்டியல். அங்கே திர்ஹாமைக் கொடுத்துவிட்டு, ஒரு பத்து ரூபாய் நோட்டின் எண்ணைச் சொன்னால் போதும், மறுநாள் இங்கே வீட்டு வாசலில் டிவிஎஸ் வண்டி வந்து நிற்கும், கையெழுத்தே வேண்டாம். அது குற்றம், வேண்டாம் கண்ணு, என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது என் குரலில் உறுதி இல்லை என்பது அவனுக்கும் கேட்டிருக்கும். பெரிய மனுஷன் வேஷம் போட்டால் இப்படித்தான்.

அதிகாரி இரக்கப்பட்டு, பழைய கையெழுத்தை போனில் படம் எடுத்துக்கொள்ள விட்டார். வாட்ஸப்பில் அனுப்பினேன். இப்போது ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்ததும், எட்டுப் பேர் அறையில், வெல்டிங் ராடு வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து வைத்துக்கொண்டு, என் அக்கா மகன் தன் சொந்தக் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறான். நேற்று ஒரு அட்டையைப் படம் எடுத்து அனுப்பினான். நாற்பது கையெழுத்து. "எதாச்சும் ஒண்ணு சேருதா பாருங்க மாமா" என்று எழுதியிருந்தான்.