கூரையும் வாசலும்

மவுன்ட் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது, அண்ணா சிலையிலிருந்து சிம்ப்சன் பெரியார் சிலைவரை எங்கள் சிறு வயதில் கண்ணில் பட்டதெல்லாம் நீண்ட மதிலும் அதன்மேல் கவிந்த மரங்களும்தான். உள்ளே ஓமந்தூரார் அரசினர் தோட்டம். எம்.எல்.ஏ. விடுதிக்கு மனுவோடு போகிறவர்களையும் வாலாஜா சாலைப் பக்கம் கலைவாணர் அரங்கத்துக்கு நாடகம் பார்க்கப் போகிறவர்களையும் தவிர, மற்றவர்களுக்கு அங்கே பெரிதாக வேலை இருந்ததில்லை.

ஆனால் அந்தத் தோட்டத்துக்குள் இருந்த ராஜாஜி மண்டபம் எல்லோருக்கும் சொந்தமாக இருந்தது. கோல்டிங்காம் என்பவர் வடிவமைத்து 1802-இல் கட்டி முடித்த விருந்து மண்டபம் அது. பிளாசியிலும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை வென்றதைக் கொண்டாட எழுப்பியது. கிரேக்கக் கோயில் போன்ற தூண்கள். அக்கம்பக்கத்துத் திருவல்லிக்கேணி, சிந்தாதிரிப்பேட்டைத் திண்ணை வீடுகளோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இருந்தும் அதன் முகப்பில் அகலமான படிக்கட்டு ஒன்று இருந்தது. 1969-இல் அண்ணாவுக்கும் 1975-இல் காமராஜருக்கும் அந்தப் படிகளில் வரிசை கட்டி நின்றுதான் ஊர் விடை கொடுத்தது. 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆருக்காக நின்ற கூட்டத்தில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் இருந்தேன். எங்களுக்கு முன்னால் நின்ற ஆயா ஒருவர், முதல் படியை மிதிப்பதற்கு முன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். கழற்றும்படி அங்கே யாரும் சொல்லவில்லை. நம்மைத் தோற்கடித்ததற்காகக் கட்டிய மண்டபத்தை நம் ஜனங்கள் தங்கள் வீட்டு முற்றமாக ஆக்கிக்கொண்டார்கள்.

அதே தோட்டத்தில்தான் 2010 மார்ச் 13 அன்று புதிய சட்டமன்ற, தலைமைச் செயலக வளாகத்தைப் பிரதமர் மன்மோகன் சிங் திறந்து வைத்தார். வடிவமைத்தது ஜி.எம்.பி. என்ற ஜெர்மானிய நிறுவனம். வட்ட வட்டமான கட்டடங்கள், நடுவே முற்றங்கள், பேரவைக்கு மேலே கோபுரத்தை நினைவூட்டும் அடுக்குக் கூரை. திறப்பு விழாவுக்குள் கூரை வேலை முடியவில்லை. சினிமாக் கலை இயக்குநர் தோட்டா தரணி தற்காலிகமாக ஒரு கூரையை செட் போட்டுக் கொடுத்தார்.

அந்தக் கூரை திராவிடக் கலையா, இல்லையா என்று அப்போது ஊரே வாதாடியது. ஆட்சி நடக்கும் இடமென்றால் காவல், தடுப்பு, அனுமதிச் சீட்டு எல்லாம் கூடவே வரும். மவுன்ட் ரோட்டில் நடந்து போகிறவருக்கு அந்தக் கோபுரச் சாயலால் என்ன நெருக்கம் வந்துவிடும்?

2011-இல் ஆட்சி மாறியது. சட்டமன்றம் பழையபடி புனித ஜார்ஜ் கோட்டைக்கே திரும்பியது. 2014 பிப்ரவரியில் அந்த வளாகம் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாகத் திறந்தது. அரசியல் கணக்குகளை ஒதுக்கிவிட்டுத் தெருவில் நின்று பார்த்தால், அந்தக் கட்டடம் ஊரோடு சேர்ந்தது அன்றைக்குத்தான். "ஓமந்தூரார் ஆஸ்பத்திரி போகுமா?" என்று கேட்டு இன்று ஜனங்கள் பஸ் ஏறுகிறார்கள். 2019-இல் அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையமும் வந்தது. வெளியூரிலிருந்து ஸ்கேன் ரிப்போர்ட்டை மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு வருகிற விவசாயி, யாரிடமும் அனுமதிச் சீட்டு வாங்காமல் அந்த வட்டக் கட்டடத்துக்குள் நுழைகிறார். எனக்கு அது பெருமையாகவே இருக்கிறது.

குறையும் அங்கேதான் இருக்கிறது. காரில் வந்து இறங்கும் உறுப்பினரையும் அதிகாரியையும் மனதில் வைத்து வரைந்த கட்டடம் அது. நோயாளியோடு கூட வருகிற குடும்பத்துக்கு அந்த வரைபடத்தில் இடமே இல்லை. போன கோடையில் அங்கே ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். மர நிழலில் செய்தித்தாளை விரித்து, டிபன் கேரியரை நடுவில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். நிழல் நகர நகர, அவர்களும் தாளை இழுத்து இழுத்து நகர்ந்துகொண்டிருந்தார்கள். இத்தனை பெரிய வளாகத்தில் அவர்களுக்கு ஒரு நீளத் தாழ்வாரம் கிடைத்திருக்கக் கூடாதா?

அரசுக் கட்டடம் ஒன்று எழும்போதெல்லாம் முகப்பைப் பற்றியே பேசுகிறோம். கோபுரம் வேண்டும், வளைவு வேண்டும், கண்ணாடி கூடாது என்று வாதாடுகிறோம். கிரேக்கத் தூண்களை இந்த ஊர் தன்னுடையதாக்கிக்கொண்டது, ஏறி நிற்கப் படி இருந்ததால். கோபுரக் கூரை ஊருக்கு நெருக்கமானது, கதவு எல்லோருக்கும் திறந்ததால். எனவே நம் நகரங்களில் இனி வரும் நூலகமோ, பஸ் நிலையமோ, ஆஸ்பத்திரியோ, அதன் வரைபடத்தைப் பார்வைக்கு வைக்கும்போது நாம் கேட்க வேண்டியவை வேறு. பஸ் ஸ்டாப்பிலிருந்து வாசல்வரை நிழல் உண்டா? காத்திருப்பவர் உட்கார எங்கே இடம்? குடிதண்ணீரும் கழிப்பறையும் வாசலுக்கு எவ்வளவு பக்கம்? நடந்து வருகிறவருக்கு முதலில் வழியை வரையுங்கள். கூரையின் அழகை அதற்கப்புறம் பேசலாம்.