முப்பது வரும் வழியில்

ஸ்ரீமதுரையில் நாங்கள் பிள்ளைகளாகத் திரிந்த நாளில் முப்பது என்பது முழுக்கப் பெரியவர்களின் வயது. முப்பதைத் தொட்ட மனிதருக்கு ஒரு வீடு, இரண்டு பிள்ளைகள், வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் தேயிலை, பச்சைத் தேயிலை போட்ட கணக்கை எழுதிய ஒரு நோட்டு எல்லாம் இருக்கும்; கூடலூர் பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் உட்காராமல் நடத்துனரோடு நின்று பேசிக்கொண்டே வருவார். அவரைப் போல நிற்பதற்காகவே சீக்கிரம் வளர்ந்துவிட வேண்டும் என்று நான் ஏங்கியதுண்டு. 1997-இல் பிறந்தவன் நான். இப்போது அந்த முப்பது கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. நான் பெங்களூரில் இருக்கிறேன்.

எங்கள் அம்மாயிக்கு இந்தக் கணக்கே கிடையாது. 1964-இல் இலங்கையின் சிறிமாவோவும் இந்தியாவின் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் கண்டிச்சீமையை விட்டு வந்தவர்களில் அவளும் ஒருத்தி. தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை தரவென்றே 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில், இன்று டேன்டீ என்கிறோமே அதில், கொழுந்து பறிக்கச் சேர்ந்தவள். பாஸ்போர்ட்டில் இருந்த பிறந்த வருஷம் யாரோ ஓர் அதிகாரி அவள் முகத்தைப் பார்த்து எழுதியது. அந்தக் காகிதத்தை நம்பினால் அவளுக்கு முப்பது ஆனது கப்பல் ஏறிய வருஷம்தான். அவளோ காலத்தைக் கவாத்தை வைத்துத்தான் சொல்வாள். நான்கைந்து வருஷத்துக்கு ஒருமுறை செடியை அடியோடு ஒட்ட வெட்டிவிட, அது மறுபடி துளிர்த்து வரும் அல்லவா? “நீ பொறந்தது மேட்டுக்காட்டுல கவாத்து வெட்டின வருசம்” என்பாள். முப்பது வருஷத் தேயிலைச் செடி அவள் கண்ணுக்கு இளஞ்செடி. வெட்டாமல் விட்டால் மரமாகிக் கைக்கு எட்டாமல் போய்விடும் அந்தச் செடியை நினைத்தால், மனிதர்களுக்கும் யாராவது அப்படி ஒரு பருவம் குறித்து வைத்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

நமக்குக் காகிதங்கள் வந்துவிட்டன. என் வயதுக்காரர்கள் பலருக்கு இருபதுகள் கழிந்ததே போட்டித் தேர்வு வழிகாட்டிப் புத்தகங்களோடுதான். பொதுப் பிரிவினருக்கு முப்பதோடு மூடிக்கொண்டிருந்த அரசு வேலைக் கதவை, கொரோனாவுக்குப் பின் 2021-இல் இரண்டு வருஷம் தள்ளி வைத்தார்கள். ஓர் அரசாணையால் இளமை இரண்டு வருஷம் நீண்ட அந்த நாளில் கூடலூர் டீக்கடையில் என் நண்பன் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். அவன் முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சத்தைப் பார்த்தவர்கள் வயதை வெறும் எண் என்று சொல்ல மாட்டார்கள்.

அம்மாவிடம் இன்னொரு கணக்கு இருக்கிறது. முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்லை, முப்பது வருஷம் தாழ்ந்தவனும் இல்லை என்று தொடங்கிவிடுவாள். சனி ஒரு ராசியில் சுமார் இரண்டரை வருஷமாகப் பன்னிரண்டையும் சுற்றி, பிறந்தபோது இருந்த இடத்துக்கே திரும்ப இருபத்தொன்பதரை வருஷம் ஆகிறது. வானியல்காரர்களும் அதே எண்ணைத்தான் சொல்கிறார்கள். ஆக, என் சனி வீடு திரும்புகிறது. குறிஞ்சிக்கோ பன்னிரண்டு வருஷம்: 2006-இல் பூத்தபோது நான் பள்ளிக்கூடப் பையன், 2018-இல் கல்லூரி முடித்திருந்தேன், 2030-இல் மறுபடி பூக்கும்.

நான் உண்மையாகவே இழந்ததாக நினைப்பது சின்னச் சின்னதுதான். சித்தப்பாவோடு மைசூருக்குப் போகும் ராத்திரி பஸ்ஸில், தெப்பக்காடு தாண்டியதும் தூக்கத்தை உதறிவிட்டு ஜன்னலோரம் கண்ணை வைத்து, விளக்கொளியில் மினுங்கும் புள்ளிமான் கண்களை எண்ணிக்கொண்டு வருவேன். 2009-இல் பந்திப்பூர்ச் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்தைத் தடை செய்தார்கள். செய்தது சரி; வண்டியில் அடிபட்டுக் கிடந்த மான்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்த ஜன்னலோரம் எனக்கு வேண்டும்தான். வயல் காவல் பரணில் தகரத்தைத் தட்டி யானையை விரட்டிய இரவுகளின் பேச்சு போய், இப்போது யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. அதனால் உயிர்கள் தப்புகின்றன, பரணில் சொன்ன கதைகள்தாம் தப்பவில்லை. எங்கள் ஊர்ச் செட்டிமாரின் வயல்களில் பாதி நேந்திரன் வாழையும் இஞ்சியுமாகிவிட்டது. மிச்சமிருக்கும் நெல்லில் ஐப்பசி வந்தால் புதுக்கதிர் அறுத்துப் புத்தரி கொண்டாடுகிறார்கள். பக்கத்து வீட்டிலிருந்து புத்தரிசிச் சோறு எங்களுக்கும் வரும்.

இந்த ஐப்பசிக்கு லீவு சொல்லிவிட்டேன். ஒன்பதுக்குள் பந்திப்பூரைக் கடக்க வேண்டுமே, அதனால் மத்தியான பஸ். அம்மாயியிடம் மேட்டுக்காட்டில் அடுத்த கவாத்து எப்போது என்று கேட்டுவைக்க வேண்டும்.