மாப்ளேயின் ஜீப்பும் கோட்டூர் மலைக் கழுதையும்

மாப்ளே, ஊர்ல எல்லாரும் உன் ஜீப்பைப் பத்தித்தான் பேசறாங்க. நான் மட்டும் வாயை மூடிக்கிட்டு இருந்தா தாய்மாமன்னு எனக்கு என்ன மரியாதை?

அரசாங்கம் கழிச்சுப் போட்டு ஏலம் விட்ட எம்.எம். 540. உன்னைவிட மூத்தது. மூத்தவளைக் கட்டிக்கிட்டா ஊரு சிரிக்கும். மூத்த வண்டியைக் கட்டிக்கிட்டு அழுதா மட்டும் அதுக்கு ‘கிளாசிக்’னு ஒரு பேரு வச்சுக்கிறீங்க. நல்லா இருக்குது உங்க நியாயம்.

காலையில சாவியைப் போட்டுட்டு ஹீட்டர் விளக்கையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கியே, அந்த பக்தியைப் பாத்தா நம்ம மாரியாத்தாளுக்கே வயித்தெரிச்சல் வரும். அப்புறம் ஒரு உறுமல், ஒரு கரும்புகை. உங்கம்மா காயப்போட்ட வேட்டியெல்லாம் கறுத்துப் போயிடுது. நீ மாலை போடறதுக்குத் தனியா துணி எடுக்க வேணாம். ஏண்டான்னு கேட்டா பாடம் எடுக்கறே: 1947-ல மகிந்திராக்காரன் அமெரிக்க வில்லீஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பிச்சான், அது பெட்ரோல் வண்டி, பின்னாலதான் பிரெஞ்சுக்கார பெஜோ கம்பெனிகிட்ட உரிமம் வாங்கி டீசல் எஞ்சின் வச்சான், 2,112 சி.சி.ன்னு. பொண்ணு பாக்கப் போன வூட்டுலயும் இதையேதான் அரை மணி நேரம் சொன்னியாமே. பொண்ணு என்ன படிச்சிருக்குதுன்னு இன்னும் உனக்குத் தெரியல. பொண்ணோட அப்பனுக்கு மட்டும் 2,112 மனப்பாடம் ஆயிடுச்சு.

ஜீப்பு மேல ஒருத்தனுக்கு ஆசை வரும்கிறதே எனக்கு அதிசயம். எங்க காலத்துல ஜீப்பு சத்தம் கேட்டா ஊரு காலியாயிடும். கடனுக்கு ஜப்தி பண்ண ஜீப்புல வருவாங்க. அண்டா குண்டாவெல்லாம் சோளக்காட்டுக்குள்ள போயிடும். எமர்ஜென்சியில குடும்பக் கட்டுப்பாட்டு ஜீப்பு வந்தா ஆம்பளைங்க சோளக்காட்டுக்குள்ள. 1980-ல நக்சலைட்டைத் தேடி போலீஸ் ஜீப்பு வந்தப்ப, நக்சலைட்டுன்னா என்னன்னே தெரியாதவனும் ஓடினான். அப்பேர்ப்பட்ட ஜீப்பைக் காசு கொடுத்து வாங்கி வாசல்ல நிறுத்தி வச்சிருக்கே. உங்க தாத்தன் உசுரோட இருந்தா கொல்லைப் பக்கமாத்தான் வெளியே போயிருப்பாரு.

இதுல ஞாயித்துக்கிழமையானா ‘ஆஃப் ரோடு’ வேற. பெங்களூருலருந்து நாலு பேரு வர்றாங்க, முட்டி வரைக்கும் பை தச்ச டவுசரோட. நல்ல தார் ரோட்டை விட்டுட்டு வேணும்னே ஓடையில இறங்கறீங்க. போனவாட்டி நீ ஃபோர் வீல் கியரைப் போட மறந்து இறக்கி, மணல்ல புதைச்சு, கடைசியில பக்கத்துக் காட்டு டிராக்டர் வந்து இழுத்துச்சு. அந்த டிராக்டர்ல ஒரு ஸ்டிக்கரும் இல்ல, பாத்தியா மாப்ளே?

ரோடு இல்லாத வழியில போறதுன்னா என்னன்னு நம்ம பாப்பாரப்பட்டியைக் கேளு. தொழுநோய்னு சொல்லி சுப்பிரமணிய சிவாவை ரயில்ல ஏறக் கூடாதுன்னு வெள்ளைக்காரன் தடுத்தான். மனுசன் கட்டை வண்டியிலயும் கால்நடையாவும் ஊர் ஊரா போய்ப் பேசினாரு. பாரத மாதாவுக்குக் கோயில் கட்டணும்னு இங்க வந்தவரு, 1925 ஜூலை 23-ல இங்கயேதான் கண்ணை மூடினாரு. லோ ரேஷியோ கியரு அவருகிட்ட இல்ல.

வீரப்பன் கதை உனக்கே தெரியும். காடு மலையெல்லாம் காலாலயே அளந்த வரைக்கும் ரெண்டு மாநிலப் போலீசால ஆளைத் தொட முடியல. 2004 அக்டோபர் 18 ராத்திரி ஆம்புலன்ஸ்னு நம்பி ஒரு வண்டியில ஏறினான். அது விஜயகுமாரோட அதிரடிப்படை அனுப்பின வண்டி. நம்ம பாடி கிராமத்துக்கிட்ட கதை முடிஞ்சுது. வண்டிப் பைத்தியம் புடிச்சவங்க அந்தப் பக்கம் போறப்ப இதைக் கொஞ்சம் நெனச்சுக்கணும்.

அதெல்லாம் விடு. பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு 2021 சட்டமன்றத் தேர்தலப்ப ஓட்டு மெஷினைக் கழுதை முதுகுல ஏத்தித்தான் கொண்டுபோனாங்க. உன் ஜீப்பை யாராவது கூப்பிட்டாங்களா? கழுதைக்கு நாலு காலும் எப்பவும் வேலை செய்யுது, அதுக்குன்னு தனியா கியரு போட வேணாம். இருபது வருசம் தாண்டின காரு, ஜீப்புக்கு ஆர்.சி. புதுப்பிக்கிற கட்டணத்தை 2025 ஆகஸ்ட்ல 10,000 ரூபா ஆக்கிட்டாங்க. கழுதைக்கு ஆர்.சி.யும் இல்ல, எஃப்.சி.யும் இல்ல.

வித்துடச் சொல்றேன்னு மூஞ்சியைத் தூக்காத. விக்காத. டெல்லிப் பக்கம் பத்து வருசம் ஆன டீசல் வண்டியை ரோட்டுல விடக் கூடாதுன்னு 2015-லயே பசுமைத் தீர்ப்பாயம் சொல்லிடுச்சு. நீ இங்க பொறந்தது உன் யோகம். புது வண்டியில ஒரு விளக்கு எரிஞ்சா லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு தர்மபுரிலருந்து ஆள் வரணும். உன் ஜீப்பு சத்தத்தைக் காதால கேட்டே, கோளாறு நாசில்லயா பம்புலயான்னு நம்ம மெக்கானிக் சொல்லிடறான். பட்டை ஒடஞ்சா பட்டறையிலயே அடிச்சுப் போட்டுக்கலாம். இன்னிக்கு வூட்டுல வேற எந்தப் பொருளுக்கு இந்த வசதி இருக்குது? உங்க அத்தை வாங்கின மிக்சியைத் தொறக்கவே ஆள் கிடைக்கல.

ஆனா தார்ப்பாய் போட்டு மூடி வச்சு வாரத்துக்கு ஒருக்கா தொடைக்கிறியே, அதுதான் ஆகாது. சும்மா நின்னா பேட்டரி இறங்கும். டேங்க்குல தண்ணி சேந்து துரு புடிக்கும், அது பம்பு வரைக்கும் போகும். ரப்பரெல்லாம் வெடிக்கும். டீசல் வண்டின்னா வேலை கொடுக்கணும், பாரம் ஏத்தணும். வெறும் வண்டியா ஓட்டினா பட்டை ஸ்பிரிங்கு உன் இடுப்பை ஒடச்சுடும். பின்னால அஞ்சாறு மூட்டை இருந்தா ஆட்டமில்லாம போகும். இது நான் சொல்றதில்ல, உன் மெக்கானிக்கே சொன்னது.

உன் வண்டியோட நல்லதுக்காகத்தான் சொல்றேன், எனக்கொண்ணும் இதுல இல்ல. வர்ற ஞாயித்துக்கிழமை பெங்களூருக்காரங்களையும் கூட்டிக்கிட்டு என் மேட்டுக்காட்டுக்கு வந்துடு. ரோடு கிடையாது, பாறை உண்டு, ஓடை உண்டு, மணல் உண்டு, நீங்க தேடறது எல்லாம் உண்டு. புளி உலுக்கி மூட்டை கட்டி வச்சிருக்கேன், மண்டிக்குப் போகணும். சோறு உங்க அத்தை போடுவா. டீசல் உன் செலவு.