மருதத்துக் கணவர்களின் சாக்குகள்: வகைதொகை ஆய்வுக்கு ஒரு முன்னோட்டம்

தமிழில் ஊடலை ஆராயாத பல்கலைக்கழகம் இல்லை. தலைவி ஏன் ஊடினாள், ஊடல் புலவியாவது எப்போது, புலவி துனியாவது எப்போது என்றெல்லாம் எழுதிப் பட்டம் வாங்கியாயிற்று. பரத்தையரையும் விட்டுவைக்கவில்லை. காதற்பரத்தை, இற்பரத்தை, சேரிப்பரத்தை என்று பிரித்து, வாசலில் பெயர்ப்பலகை மாட்டாததுதான் பாக்கி. ஆனால் இந்த நாடகத்துக்கே அச்சாணியானது, விடிந்த பிறகு வீடு திரும்பிய கணவன் வாசற்படியில் நின்று சொல்லும் சாக்கு. அதை முறையாக வகைப்படுத்தியவர் எவருமிலர். அந்த ஆய்வு இடைவெளியை நிரப்ப எழுந்தது இக்கட்டுரை. (இடைவெளி உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்கக் கூடாது. கேட்டால் பாதி ஆய்வேடுகள் விழுந்துவிடும்.)

ஆய்வு எல்லை பின்வருமாறு. நிலம், மருதம். பாலையில் பிரிகிறவன் பொருள் தேடிப் போகிறான். மருதத்தில் பிரிகிறவனிடம் பொருள் ஏற்கனவே இருக்கிறது, அதுதான் சிக்கல். ஊர், பெரும்பாலும் வையைக் கரை. முதன்மைத் தரவு, கலித்தொகையில் மருதனிளநாகனாரின் மருதக்கலி, 35 பாட்டு. 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சி.வை. தாமோதரம் பிள்ளை, தமிழ்க் கணவர்மாரின் தொழில் ரகசியத்தை வெளியிடுகிறோம் என்று நினைத்திருக்கமாட்டார். துணைத் தரவு, நான் குடியிருக்கும் அடுக்ககம்.

இனி வகைகள்.

பறவைச் சாக்கு: குறும்பூழ்ச் சண்டை பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது. இன்று கிரிக்கெட்.

நீர்ச் சாக்கு: வையையில் புதுப்புனல் ஆடினேன் என்பது. தலை ஏன் ஈரம் என்பதை மட்டும் விளக்கும்.

தெய்வச் சாக்கு: கடவுளர் இருக்கும் இடத்தில் தங்கிவிட்டேன் என்பது. எந்தக் கடவுள் என்று தலைவி கேட்டவுடன் சரியும். வார இறுதித் தியான முகாம் என்ற வடிவில் வாழ்கிறது (மூன்றாம் மாடி மாமி, வாய்மொழித் தரவு, மின்தூக்கி பழுதான அன்று).

கனவுச் சாக்கு: செய்ததைக் கனவென்று சொல்வது. சோம்பேறிகளுடையது.

உண்மை: தரவு கிடைக்கவில்லை.

குதிரைச் சாக்கு: இங்கே சற்று நிதானிக்க வேண்டும். கலித்தொகை 96ஆம் பாட்டில், எங்கே போய் வருகிறாய் என்று கேட்ட மனைவியிடம் தலைவன் குதிரை ஏறிவிட்டு வருகிறேன் என்கிறான். அவள் மறுக்கவில்லை. அந்தக் குதிரையை நானும் அறிவேன் என்று தொடங்கி, கூந்தலைப் பிடரிமயிராக்கி, அணிகலன்களைச் சேணமும் சதங்கையுமாக்கி, ஓர் உறுப்பு விடாமல் வருணிக்கிறாள். கடைசியில் அவன் மேனியில் உள்ள கீறலையும் பல் தடத்தையும் காட்டி, இதுவும் குதிரை செய்த வேலையா என்கிறாள். அறிஞர்கள் இதை உருவகம் என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்கள். (அங்கே யானை நிற்கிறது. அதுவும் இதே வகை, எடை மட்டும் அதிகம்.)

குதிரை ஏன்? மூன்று கருத்துகள் நிலவுகின்றன. குதிரை செல்வர் வீட்டுப் பொருள், ஆகவே சாக்கிலும் அந்தஸ்து தெரியும் என்பது முதற் கருத்து (மூன்றாம் மாடி மாமி, மேலது). குதிரை பேசாது, ஆகவே சாட்சி சொல்லாது என்பது இரண்டாவது (நான்காம் மாடி ஓய்வுபெற்ற தணிக்கையாளர், மேலதற்கும் மேலது). சாக்குச் சொல்கிறவனுக்கு வாயில் முதலில் வந்தது அதுதான் என்பது மூன்றாவது (அடுக்ககக் காவலாளி, நேர்காணல், தேநீருக்குப் பின் திருத்திய இரண்டாம் பதிப்பு, தன் பெயரைச் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்ட மூன்றாம் பதிப்பு). மூன்றாவதே பொருத்தம். ஆனால் எளிதில் புரிவதால் ஆய்வுலகம் ஏற்காது.

கலித்தொகைக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கொண்டுபோய்க் கூட்டிப் பொருள் சொல்வதில் சமர்த்தர். அந்தத் தலைவன் அவரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால், அவன் சொன்னதைப் பிரித்து, முன்பின் மாற்றி, இரவு முழுவதும் வீட்டில்தான் இருந்தான் என்று நிறுவியிருப்பார். அவனோ பாணனைக் கூட்டிக்கொண்டு போனான்.

தலைவனுக்காக வீட்டில் போய்ப் பேசும் வாயில்கள் தொல்காப்பியர் கணக்கில் பன்னிரண்டு: தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன், பாடினி என்று போய்க் கண்டோரில் முடியும் பட்டியல். வேலையற்ற ஊரே உள்ளே வந்துவிடுகிறது. இப்பட்டியலில் பதின்மூன்றாவதைச் சேர்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது. 2021 பிப்ரவரியில் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. கார் மனைவி பெயரில். குறுஞ்செய்தியும் மனைவிக்கு. கிண்டியில் மீட்டிங் என்று சொன்னவனின் கார் பரனூரைத் தாண்டியதை வங்கியே வீட்டுக்குத் தெரிவிக்கிறது. முன்னைய பன்னிருவரும் தலைவனுக்காகப் பரிந்து பேசினர். இது காசும் பிடித்துக்கொண்டு காட்டிக்கொடுக்கிறது.

பொருட்சான்று அன்றைக்கும் உண்டு. பரிபாடலின் 20ஆம் பாட்டில், தலைவியின் வளையும் ஆரமும் வையைக் கரைக் கூட்டத்தில் ஒரு பரத்தையின் மேல் இருப்பதைத் தோழியர் பார்த்துவிடுகிறார்கள். பிறகு நடப்பது ஊரறிந்த சண்டை. நகையைக் கொடுத்தவன் அது புனலாட்டு நாள் என்பதை யோசிக்கவில்லை. ஊரே ஒரே துறையில் குளிக்கிற அன்று இரண்டு வீட்டுக் கணக்கை நடத்துகிறவனுக்கு எந்த உரையாசிரியரும் உதவமுடியாது. பாலு மகேந்திராவின் சதிலீலாவதி படம் 1995இல் வந்தபோது இரண்டு வீட்டுக் கதையைப் புதுமை என்றார்கள். கூட்டமும் குட்டும் வையைக் கரையிலேயே நடந்து முடிந்தவை.

2018இல் உச்ச நீதிமன்றம் பிறன்மனை உறவு குற்றமல்ல என்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை நீக்கியது. மருதத்துக்கு இதனால் மாற்றமில்லை. அங்கே வழக்கு பெரும்பாலும் வாசற்படியிலேயே முடிந்துவிடும்.

எதிர்வாதம் ஒன்றையும் பதிவு செய்வது ஆய்வு நேர்மை. குறளின் 132ஆம் அதிகாரத்துத் தலைவன் ஒரு தவறும் செய்யவில்லை. தும்முகிறான். வாழ்த்திய மனைவி, யார் நினைத்துத் தும்மினாய் என்று அழுகிறாள். மறுமுறை தும்மலை அடக்குகிறான். யார் நினைப்பதை என்னிடம் மறைக்கிறாய் என்று அதற்கும் அழுகிறாள். எல்லாரையும்விட உன்மேல் காதல் என்கிறான். யாரைவிட, யாரைவிட என்கிறாள். இவனிடம் சாக்கு இல்லை, சாக்குக்கு வேலையும் இல்லை. எனவே இவன் நம் ஆய்வுக்குப் பயன்படான்.

குதிரைச் சாக்கின் நெய்தல் நிலப் பரவலை ஆராயக் களப்பணி அவசியம். மாமல்லபுரத்தில் இரண்டு நாள் தங்க நல்கை கேட்டிருந்தேன், அதுவும் கிடைத்துவிட்டது. வீட்டில்தான் கோப்பு நகரவில்லை. குதிரையா, யானையா என்று கேட்டு, குறிப்புடன் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.