இடைச்செருகலியல்: ஏழு மதில் ஆய்வு

'இடைச்செருகல்' என்பதை முதலில் வரையறுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் முனைவர் பட்டம் கிடைக்காது. தமிழாய்வில் அது, கவிஞன் எழுதாததைப் பின்னால் வந்தவன் நுழைப்பது. ஷெல் ஸ்கிரிப்டில், கட்டளையின் நடுவே டாலர் குறி போட்டு மாறியின் மதிப்பை நுழைப்பது. முன்னதற்கு வசவு, பின்னதற்குச் சம்பளம்.

கம்பராமாயணம் அரங்கேறியதாகச் சொல்லப்படும் மண்டபம் ஸ்ரீரங்கம் தாயார் சன்னதி அருகில் இருப்பதால், இந்த ஆய்வுக்கு வேறு ஊர் பொருந்தாது. ரசிகமணி டி.கே.சி. தம் காதுக்கு ஒவ்வாத பாடல்களைச் செருகல் என்று ஒதுக்கினார். அப்படியொரு காது சிஸ்டம் அட்மினுக்கு வாய்த்தால் பாதி ராத்திரி மிச்சம்.

ஷெல்லில் செருகல் மூவகை. ஒற்றை மேற்கோளுக்குள் நடக்காது.

இரட்டை மேற்கோளுக்குள் நடக்கும். அம்மா மண்டபம் படித்துறையில் சங்கல்பத்தை நிறுத்தி "கோத்திரம்?" என்று கேட்பது இவ்வகை (காண்க: மேற்படி படித்துறை, மூன்றாம் படி). புத்தகத்தில் அங்கே 'அமுக' என்றிருக்கும். 'இன்ன' என்று பொருள். அதை அப்படியே வாசித்துவிட்டால் ஒற்றை மேற்கோள். கோத்திரம் தெரியாதவருக்குக் காசியபர். இதை ஷெல்காரர்கள் இயல்பு மதிப்பு என்பர்.

மேற்கோளே இல்லாதது மூன்றாவது. மாறிக்குள் இருக்கும் 'மலைக்கோட்டை படங்கள்' என்ற கோப்புறையை அழிக்கச் சொன்னால், ஷெல் பெயரை இடைவெளியில் வெட்டும். 'மலைக்கோட்டை' என்று வேறொரு கோப்புறை இருந்தால் அது போச்சு (ஒப்பிடுக: நான்காம் படி, தண்ணீர் வடிந்த பின்).

இனி உயிர்நிலை. டாலர் டாலராகவே போய்ச் சேர, முன்னால் ஒரு பின்சாய்கோடு வேண்டும். இரட்டை மேற்கோளில் ஷெல்லுக்குள் ஷெல் வைத்தால், ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கோடுகளைத் தின்னும். ஆகவே இரண்டுக்கு 3, மூன்றுக்கு 7. ரங்கநாதரோ ஏழு மதிலுக்குள் பள்ளிகொண்டிருக்கிறார். பார்ன் ஷெல் 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்ததைத் தற்செயல் என்பவர் ஆய்வாளரே அல்லர். வெளிமதிலுக்கு அப்பால் நின்று ஒரு டாலரை மூலஸ்தானம்வரை சேதமின்றிச் சேர்க்க 127 பின்சாய்கோடுகள் தேவை, கற்பூரம் அடித்துச் சொல்வேன் (காண்க: செல்லரித்த ஏடு ஒன்று, என் வசம், எழுத்துகளை விடுத்து, 4 முதல் 11 வரையான ஓட்டைகளை மட்டும் இடமிருந்து வலமாக வாசிக்க).

ராஜகோபுரத்தை எட்டாவது ஷெல்லாக எண்ணி 255 என்பாரும் உளர். 1987-இல் கட்டி முடித்ததைப் பழைய மதில்களோடு சேர்ப்பது அப்பட்டமான இடைச்செருகல்.